வெண்ணாற்றங்கரையிலிருந்து சயாம் ரயில் பாதைவரை: காவிரிப் படுகையின் இளம் வாசகர்களும் போர்க்காலப் புனைவும்

உண்மையில் நடந்த ஒரு போரையோ, அப்போர் கவிந்திருந்த ஆண்டுகளையோ களமாக வைத்து, வரலாற்று மாந்தரையும் கற்பனை மாந்தரையும் கலந்து எழுதப்படும் நாவலைப் போர்க்கால வரலாற்றுப் புனைவு என்று கொள்ளலாம். தமிழில் பள்ளிப் பருவத்து வாசகர் பெரிய நாவல் ஒன்றை முதன்முதலாகக் கையில் எடுக்கும்போது அது பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்ததாகவே இருக்கிறது. கல்கியும் சாண்டில்யனும் அகிலனும் அந்த வாசலில் நின்றவர்கள். தஞ்சை மாவட்டத்தின் பூதலூர் வட்டத்தில் இந்த வாசிப்புக்குக் கூடுதலான ஒரு நெருக்கமும் உண்டு. காவிரியிலிருந்து வெண்ணாறும், 1934 முதல் புது ஆறு என்று வழங்கும் கல்லணைக் கால்வாயும் பிரியும் கல்லணை இவ்வட்டத்தில்தான் இருக்கிறது; நாவல்களில் படைகள் கடந்து போகும் ஆறுகளின் நீரில்தான் இங்கே சம்பாவும் தாளடியும் விளைகின்றன. எனவே இப்பகுதியின் ஆசிரியரோ நூலகரோ மாணவருக்கு ஒரு போர் நாவலைப் பரிந்துரைக்கும்போது, அவர் தொலைதூர நிலம் ஒன்றின் கதையைக் கொடுப்பதில்லை, வாசகரின் ஊர்ப் பெயர்களையே போரின் பெயர்களாக மாற்றிக் கொடுக்கிறார். அந்த மாற்றம் யாருடைய கண்வழியாக நிகழ்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

பூதலூருக்கு அருகிலுள்ள செந்தலைச் சிவன் கோயிலின் தூண்கள் இக்கேள்வியை எட்டாம் நூற்றாண்டிலிருந்தே தொடங்க உதவுகின்றன. பெரும்பிடுகு முத்தரையன் என்னும் சுவரன் மாறன், பக்கத்திலுள்ள நியமத்தில் எடுப்பித்த பிடாரி கோயிலில் நின்றிருந்து பின்னர் செந்தலைக்கு வந்து சேர்ந்த இத்தூண்களில், அவன் வென்ற களங்களின் பெயர்கள் அடுக்கப்பட்டிருப்பதோடு, அவ்வெற்றிகளைப் பாடிய பாச்சில் வேள் நம்பன், ஆசாரியர் அநிருத்தர், கோட்டாற்று இளம்பெருமானார், குவாவன் காஞ்சன் ஆகிய புலவர்களின் பெயர்களும் வெட்டப்பட்டுள்ளன. கொடும்பாளூர், மணலூர், திங்களூர், காந்தளூர், கண்ணனூர் என்று நீளும் அந்தப் பட்டியலில் வென்றவன் இருக்கிறான், பாடியவர்கள் இருக்கிறார்கள். அந்த ஊர்களில் அன்று குடியிருந்தவர் எவரும் இல்லை. சுமார் 850இல் விசயாலயன் தஞ்சையைக் கைப்பற்றியபோது முத்தரையரின் ஆட்சியே மங்கத் தொடங்கிவிட்டது. தூண்கள் மட்டும் நின்றன. வெற்றிப் பாட்டு என்னும் இலக்கிய வகையின் இயல்பை மாணவருக்கு விளக்க இதைவிடப் பக்கத்தில் வேறு சான்று கிடைக்காது.

ஆனால் தமிழ்ப் போர்ப் பாட்டு முழுவதும் இப்படிப்பட்டதில்லை என்பதற்கும் இதே படுகையில் சான்று உண்டு. இன்றைய திருவாரூர் மாவட்டத்துக் கோயில்வெண்ணி என்று கருதப்படும் வெண்ணியில் கரிகாலன் சேரன் பெருஞ்சேரலாதனை வென்றான். முதுகில் புண்பட்ட நாணத்தால் சேரன் வடக்கிருந்தான், அதாவது வடதிசை நோக்கி அமர்ந்து உண்ணாமல் உயிர்விடத் துணிந்தான். வெண்ணிக் குயத்தியார் என்னும் பெண்பாற் புலவர், வென்ற கரிகாலனை நேரே விளித்து, அவனைக் காட்டிலும் தோற்றவனே நல்லவன் அல்லனா என்று கேட்கும் பாட்டு புறநானூற்றில் 66ஆவதாக இருக்கிறது. பெயரைக் கொண்டு பார்த்தால் மண்பாண்டம் வனையும் குடியைச் சேர்ந்த ஒரு பெண், பேரரசனிடமே இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். ஓராயிரம் ஆண்டு கழித்து, இதே படுகையின் தீபங்குடிக்காரர் என்று மரபு கூறும் செயங்கொண்டார் கலிங்கத்துப் பரணி பாடியபோது, தோற்றோடிய கலிங்க வீரர்கள் சமணராகவும் பாணராகவும் வேடமிட்டுத் தப்பியது நகைச்சுவைக்குப் பொருளாகிவிட்டது. பரணி என்பது போர்க்களத்தில் ஆயிரம் யானைகளைக் கொன்று வென்றவனைப் பாடும் நூல்வகை. அதன் சுவையை மறுக்க வேண்டியதில்லை. எனினும் தமிழ் வாசகர் தம் மரபில் இரண்டு குரல்களும் இருந்தன என்பதை மறந்து, இருபதாம் நூற்றாண்டின் வரலாற்று நாவலைப் பரணியின் தொடர்ச்சியாகவே படித்துப் பழகிவிட்டனர்.

இப்பழக்கத்துக்குக் கல்கியைக் குற்றம் சொல்வது நியாயமாகாது. பழைய தஞ்சை மாவட்டத்தின் புத்தமங்கலத்தில் 1899இல் பிறந்த ரா. கிருஷ்ணமூர்த்தி, 1941இல் தொடங்கிய 'கல்கி' இதழில் முதலில் எழுதிய வரலாற்றுத் தொடரான 'பார்த்திபன் கனவு' ஒரு தோல்வியிலிருந்து தொடங்குகிறது. பல்லவனுக்குக் கப்பம் கட்ட மறுத்த சோழ மன்னன் சிறு படையோடு போய் வெண்ணாற்றங்கரைப் போரில் மடிகிறான். பகைவனான நரசிம்மவர்மனே கதையின் மிக உயர்ந்த மனிதனாக வெளிப்படுகிறான். கதையைத் தூக்கிச் சுமப்பவர்களில் முதன்மையானவர்கள் காவிரியில் படகோட்டும் பொன்னனும் அவன் மனைவி வள்ளியும். பார்த்திபன் மகனுக்குக் காட்டும் சித்திர மண்டபத்தின் கனவு நாடு பிடிக்கும் கனவுதான் என்பது உண்மை. ஆயினும் பகைவனை மனிதனாகப் பார்க்கும் பயிற்சியை இந்நாவல் சிறுவருக்கு எளிதாகத் தருகிறது. பதினொன்று, பன்னிரண்டு வயதில் பூதலூர்ப் பிள்ளை ஒன்று படிக்கத் தொடங்க இதைவிடப் பொருத்தமான போர்க்கதையைத் தேடிப் பிடிப்பது கடினம். 'பொன்னியின் செல்வ'னை முதலில் கொடுப்பதே வழக்கம் என்றாலும், ஐந்து பாகம் நீளும் அந்நூல் அரசுரிமைச் சூழ்ச்சியின் கதையே தவிரப் போரின் கதையன்று.

'சிவகாமியின் சபதம்' இரண்டாம் படியில் வைக்க வேண்டிய நாவல். 642இல் நரசிம்மவர்மன் வாதாபியை அழித்ததை நோக்கிச் செல்லும் இக்கதை 1944 முதல் 1946 வரை, அதாவது உலகப் போரின் கடைசிக் கட்டத்திலும் அது முடிந்த பின்னருமாக, தொடராக வந்தது. காஞ்சியைப் பிடிக்க முடியாமல் திரும்பும் சாளுக்கிய மன்னன் புலிகேசியின் படை சிற்பிகளின் கைகால்களை வெட்ட ஆணை பெறுவதும், சிறைபிடித்த பல்லவ நாட்டு ஆண் பெண்களைச் சாட்டையால் அடித்து, அந்த அடியை நிறுத்துவதற்காகவே நடன நங்கை சிவகாமியை வாதாபியின் நாற்சந்திகளில் ஆடவைப்பதும் இளம் வாசகர் எளிதில் மறக்கும் பக்கங்களல்ல. சபதம் அந்த அவமானத்தில் பிறக்கிறது. அது நிறைவேறும்போது ஒரு நகரம் எரிகிறது, அந்நகரத்துக் குடிகள் எவரும் சபதத்துக்குக் காரணமானவர்கள் அல்லர். மேடைகள் கதையின் சபதத்தை மட்டும் எடுத்துக்கொண்டன. நூலைப் பரிந்துரைப்பவர் கடைசிப் பாகத்துக்குக் கல்கி இட்ட 'சிதைந்த கனவு' என்னும் தலைப்பை நினைவூட்டினாலே போதும், வாசிப்பு வேறு திசைக்குத் திரும்பும். வாதாபியை அழித்த தளபதி பரஞ்சோதி, படைத் தொழிலைவிட்டுத் திருச்செங்காட்டங்குடியில் சிறுத்தொண்டராக வாழ்ந்ததைச் சேக்கிழார் பாடியிருப்பதால், டெல்டாவின் கோயில் மரபும் இங்கே நாவலோடு வந்து இணைகிறது.

போர் நாவலை எதைக் கொண்டு அளப்பது என்பதில் இருவகைக் கருத்துகள் நிலவுகின்றன. வரலாற்றுத் தரவு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது ஒன்று. கல்வெட்டு, செப்பேடு, காலக்கணிப்பு ஆகியவற்றோடு நாவலை ஒப்பிடும் இந்த முறை பயனுள்ளதே. ஆனால் தரவு முழுவதும் சரியாக இருந்தும் ஒரு நாவல் போரைப் பொய்யாகக் காட்டக்கூடும், ஏனெனில் தரவைத் தந்த கல்வெட்டே ஒரு தரப்பின் பேச்சு. கர்நாடகத்தின் ஹொட்டூரில் கிடைத்த, 1007ஆம் ஆண்டைச் சேர்ந்த சாளுக்கியக் கல்வெட்டு, சோழப் படை நாட்டைச் சூறையாடி, பெண்களையும் குழந்தைகளையும் அந்தணரையும் கொன்றதாகக் கூறுகிறது. பகைவன் வெட்டிய கல்வெட்டு என்பதால் அதில் மிகை இருக்கலாம். அப்படியானால் தஞ்சைப் பெரிய கோயிலில் வெட்டப்பட்ட சோழ மெய்க்கீர்த்திகளிலும், அதாவது அரசனின் வெற்றிகளை அடுக்கிக் கூறும் கல்வெட்டு முன்னுரைகளிலும், அதே அளவுக்கு மிகை இருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1963இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அகிலனின் 'வேங்கையின் மைந்தன்' போன்ற, ராஜேந்திர சோழனின் புகழ் பாடும் நாவலைப் பதினான்கு வயது வாசகருக்குக் கொடுக்கும்போது ஹொட்டூர்ச் செய்தியையும் வாய்மொழியாகச் சொல்லிவிடுவது நூலுக்குக் கேடு செய்யாது. வயல்வெளிச் சிறுவனுக்குப் படை வந்துபோன நிலத்தின் விளைச்சல் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையே இருக்காது.

இன்னும் கூர்மையான அளவுகோல், அக்கதையில் போர் யாரை வேலை வாங்குகிறது என்று பார்ப்பது. கல்லணையைச் சுற்றியே இதற்கு ஒரு பழங்கதை உண்டு: கரிகாலன் ஈழத்திலிருந்து பன்னீராயிரம் பேரைச் சிறைபிடித்துக் கொணர்ந்து காவிரிக்குக் கரை எழுப்பினான் என்று மரபு கூறுகிறது, சிங்களக் கதை மரபோ, அந்தப் பன்னீராயிரம் பேரையும் அவர்களுக்கு ஈடாக இன்னும் அத்தனை சோழ நாட்டாரையும் கஜபாகு மன்னன் இலங்கைக்குக் கொண்டுபோனதாகச் சொல்கிறது. இவை வரலாறாக நிறுவப்பட்டவை அல்ல. ஆயினும் மண் சுமக்கக் கொண்டுவரப்பட்ட மக்களை இரு நாட்டு மரபுகளும் எண்ணிக்கையோடு நினைவில் வைத்திருப்பது கவனத்துக்குரியது. கல்லணையைப் பாடும் புனைவுகளில் யானைமேல் அமர்ந்த அரசனே நிறைந்திருக்கிறான். கூடை சுமந்தவனின் கண்ணால் அந்த அணையைப் பார்க்கும் நாவல் எழுதப்படுமானால், தண்ணீர் திறக்கும் நாளில் அங்கே மலர் தூவும் ஊர்களின் பிள்ளைகளே அதை முதலில் படிக்க வேண்டியவர்கள்.

போருக்காகக் கூடை சுமந்த தமிழரின் கதை கரிகாலனோடு முடிந்துவிட்ட ஒன்றன்று. 'பார்த்திபன் கனவு' தொடராக வந்துகொண்டிருந்த அதே மாதங்களில், 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியப் படை மலாயாவின் கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் ரங்கூனும் விழுந்தது. தஞ்சை, திருச்சி மாவட்டங்களின் நிலமற்ற உழவர் குடும்பங்கள் பல தலைமுறைகளாக நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, கங்காணிகளின் கீழ், அதாவது ஊரிலிருந்து ஆள் திரட்டிச் சென்று தோட்டத்தில் மேற்பார்த்த இடையாட்களின் கீழ், ரப்பர் தோட்டங்களில் பால்மரம் சீவிக்கொண்டிருந்தன. ஜப்பானியர் வரவோடு கடிதமும் மணியார்டரும் நின்றுபோயின. பர்மா அரிசியின் வரத்து அற்றதால் தென்னிந்தியா முழுவதும் நெல்லுக்குத் தட்டுப்பாடு வர, நெல் விளையும் தஞ்சைக்குள்ளேயே கொள்முதலும் பங்கீடும் புகுந்தன. பல்லவனும் சோழனும் வெண்ணாற்றங்கரையில் மோதிய கதையை இதழுக்கு இதழ் எதிர்பார்த்திருந்த வாசகர்களில் சிலருடைய உறவினர், அந்த மாதங்களிலேயே உண்மையான ஒரு போருக்குள் தொலைந்துகொண்டிருந்தனர்.

அத்தொலைவின் பெயர் சயாம் மரண ரயில் பாதை. பர்மாவிலிருந்த தம் படைக்குத் தரைவழியே தளவாடம் அனுப்ப, தாய்லாந்தின் பான் போங் பக்கத்திலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை சுமார் 415 கிலோமீட்டர் பாதையை ஜப்பானியர் 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தனர். நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர் அதில் உழைத்து, 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆசியத் தொழிலாளரோ இரண்டு லட்சம் அளவில் இருந்தனர் என்றும், அவர்களில் 90,000 பேர்வரை மாண்டிருக்கலாம் என்றும் மதிப்பிடப்படுகிறது; மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களில் மிகப் பெரும்பகுதியினர் தோட்டத் தமிழர். கைதிகளுக்குப் படை மருத்துவர்களும் பெயர்ப் பதிவேடும் இருந்தன. தமிழருக்கு இரண்டும் இல்லை. 1943இன் மழைக்காலத்தில் காலரா பரவியபோது, கொட்டகை கொட்டகையாக அவர்கள் இறந்ததற்கு இந்த வேறுபாடே பெருங்காரணம். இன்றும் காஞ்சனபுரியின் போர்க் கல்லறைகளில் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பெயர்கள் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

இலக்கியத்திலும் இதே ஏற்றத்தாழ்வு தொடர்ந்தது. பியேர் பூல் எழுதிய நாவலும், அதைத் தழுவி 1957இல் வந்த ஆங்கிலப் படமும் குவாய் ஆற்றுப் பாலத்தை உலகறியச் செய்தன. 2014இல் புக்கர் பரிசு பெற்ற ரிச்சர்ட் ஃபிளானகனின் நாவல் ஆஸ்திரேலியக் கைதிகளின் துயரை ஆழமாகச் சொன்னது. பாதையில் மிகுதியாக இறந்தவர்கள் இவற்றில் ஓரத்துக்குக்கூட ஒழுங்காக வரவில்லை. அவர்களை நாவலின் நடுவே நிறுத்தியவர்கள் மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள்: ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகியவை இதற்கெனவே எழுதப்பட்டவை. தமிழ்நாட்டு வாசகருக்கு இவை அயலகத் தமிழ் இலக்கியம் என்ற தனிப் பிரிவில் அடங்கிவிடுகின்றன. டெல்டாவைப் பொறுத்தவரை அந்தப் பிரிவினை பொருளற்றது. சயாமுக்குப் போனவர்களில் பலர் காவிரிக் கரையின் கிராமங்களிலிருந்து கிளம்பியவர்களே. பூதலூர் வட்டத்தில் பதினைந்து வயதை எட்டிய ஒருவருக்கு இந்நாவல்களைத் தருபவர், உலகப் போர் பற்றிய நூலைத் தருவதாக மட்டும் எண்ணாமல், உள்ளூர் வரலாற்று நூல் ஒன்றைத் தருவதாகவும் எண்ணலாம்.

ப. சிங்காரத்தின் இரு நாவல்களும் இவற்றோடு சேர வேண்டும். சிங்கம்புணரியில் பிறந்து இளமையில் மேடானுக்குப் பிழைக்கப் போன சிங்காரம், 'கடலுக்கு அப்பால்' நாவலில் இந்திய தேசிய ராணுவத்திலிருந்து பினாங்கின் வட்டிக்கடை வாழ்வுக்குத் திரும்பும் இளைஞனின் காதலையும் இழப்பையும் எழுதினார். வடிவிலும் அளவிலும் எளிய இந்நூல் பள்ளி மேல்வகுப்பினருக்கு நன்றாகப் பொருந்தும். போர் முடிந்தபின் வீரனுக்குச் சமூகத்தில் என்ன விலை என்னும் கேள்வியை அது மிகையின்றி முன்வைக்கிறது. 1972இல் வெளிவந்த 'புயலிலே ஒரு தோணி' வேறு உயரத்தில் நிற்பது. பழந்தமிழ் வரிகளைக் கேலியும் மயக்கமுமாக நினைவுகூரும் அதன் நாயகன் பாண்டியன், தமிழரின் போர்ப் பெருமிதத்தையே போருக்கு நடுவில் நின்று விசாரிக்கிறான். ஜப்பானியர் மேடானுக்குள் நுழையும் தொடக்கப் பகுதியின் கொடுமையும், விலைமாதர் தெருக் காட்சிகளும் அந்நூலைப் பதினேழு வயதுக்குப் பின் வைக்கச் செய்கின்றன. சோழர் கடாரம் வென்ற பெருமையைப் படித்து வளர்ந்த வாசகர், அதே கடல் வட்டாரத்தில் தமிழர் வட்டிக்கடைப் பையன்களாகவும் கூலிகளாகவும் வாழ்ந்ததை அடுத்துப் படிக்கும்போது, முன்பு படித்த நூலும் உருமாறிவிடுகிறது. பரிந்துரையில் வரிசைக்கு இவ்வளவு வேலை உண்டு.

உலகப் போருக்கு வெளியே, அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' இப்பட்டியலில் தவிர்க்க முடியாதது. 1948 செப்டம்பரில் இந்தியப் படை ஹைதராபாத் சமஸ்தானத்துக்குள் நுழைந்ததை முன்பின்னாகக் கொண்ட காலத்தை, செகந்தராபாத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டும் கல்லூரிக்குப் போய்க்கொண்டும் இருக்கும் சந்திரசேகரன் என்னும் இளைஞனின் அன்றாடத்தில் வைத்து அது சொல்கிறது. போர்க்களமே இல்லாத போர் நாவல் அது. இறுதியில் கலவரத்தின் நடுவே தன் குடும்பத்தைக் காப்பாற்ற ஒரு சிறுமி எடுக்கும் முடிவு, அதைக் காணும் அவனைத் தலைதெறிக்க ஓடவைக்கிறது. ஈழப் போரின் நாவல்களையும் வளரிளம் பருவத்தினருக்குரியவையாகக் கொள்ளலாம். ஷோபாசக்தியின் 'கொரில்லா' போராளி இயக்கத்தில் சேர்ந்த பையன்களின் கதை என்பதால், வாசகரின் வயதும் பாத்திரத்தின் வயதும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன.

வயதுக்கேற்ப நூலைத் தரம்பிரிப்பது இன்று தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குப் புதிதன்று. அரசின் வாசிப்பு இயக்கம் தன் சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளாக வகுத்திருக்கிறது. அந்த வகுப்பு வாசிப்புத் திறனைக் கொண்டது. போர்ப் புனைவுக்கு மனத்தின் தாங்குதிறனையும் கணக்கில் கொள்ள வேண்டியிருக்கிறது, இரண்டும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. மிக எளிய நடையில் கனமான போரைச் சொல்ல முடியும் என்பதற்குத் தமிழ் ஆசிரியர்கள் பலரும் அறிந்த 'டோட்டோ-சான்' சான்று. நாவலாக அல்லாமல் நினைவுக் குறிப்பாக 1981இல் வெளிவந்த அந்த ஜப்பானிய நூலைத் தமிழகத்தில் கல்விச் சீர்திருத்த நூலாகவே கொண்டாடுகிறார்கள்; டோட்டோ-சான் படித்த பள்ளியின் ரயில்பெட்டி வகுப்பறைகள் எல்லோருக்கும் நினைவிருக்கின்றன, 1945இல் அப்பள்ளி குண்டு வீச்சில் எரிந்துபோனதும், அதற்கு முன்பே மிட்டாய் இயந்திரம் காலியாகிக் கிடந்ததும் பேச்சில் வருவதில்லை. சயாம் பாதையைக் கட்டவைத்த நாட்டின் குழந்தைகளும் அதே ஆண்டுகளில் பசித்திருந்தார்கள் என்பதை அறிய, பத்து வயதுப் பிள்ளைக்கு இதைவிட மென்மையான வழி இல்லை.

வயது பார்த்துச் சொல்வது வேறு, எட்டாமல் பூட்டிவைப்பது வேறு. ஹிரோஷிமாவில் ஆறு வயதில் உயிர்தப்பிய கெய்ஜி நகசாவா 1973 முதல் வரைந்த 'வெறுங்கால் கென்' சித்திரக்கதையை, அதிலுள்ள கொடுங்காட்சிகளைக் காரணங்காட்டி, ஜப்பானின் மாட்சுயே நகரக் கல்வித்துறை 2012இல் பள்ளி நூலகங்களின் திறந்த அலமாரிகளிலிருந்து அகற்றச் சொன்னது. எதிர்ப்பு வலுத்ததால் 2013 ஆகஸ்டில் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. டெல்டாவின் நூலக மரபு இதற்கு எதிர்த்திசையில் வளர்ந்தது. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பவற்றை உள்ளடக்கிய ஐந்து விதிகளை 1931இல் நூலாக வெளியிட்ட எஸ். ஆர். ரங்கநாதன் சீர்காழியில் பிறந்தவர். அதே 1931இல் மன்னார்குடிப் பக்கத்தில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். 1948இல் சென்னை மாகாணம் விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டத்தை நிறைவேற்றியது. இம்மரபின்படி, 'புயலிலே ஒரு தோணி'யைக் கேட்டு வரும் ஒன்பதாம் வகுப்பு மாணவிக்கு அதை மறுக்க நூலகருக்கு இடமில்லை. 'கடலுக்கு அப்பா'லை முதலில் படித்துவிட்டு வரலாமே என்று சொல்லவும், தொடக்கத்திலேயே தலைகள் அறுபடும் காட்சி உண்டு என்று எச்சரிக்கவும், பிறகு நூலை அவள் பெயரில் பதிவு செய்து கொடுக்கவும் இடமுண்டு.